முன்னறையில் ஒன்பது புள்ளி எட்டு

கையில் எந்தத் துணி கிடைத்தாலும் ஞானசேகரன் அதன் இரண்டு முனைகளைப் பிடித்துக் கண்ணுக்கு நேராகத் தூக்குவான். கொஞ்ச நேரம் பார்ப்பான். பிறகு விட்டுவிடுவான். துணி நெளிந்து, மடிந்து தரையில் குவிவதைத் தலையைச் சாய்த்துப் பார்த்துவிட்டு, "ஒன்பது புள்ளி எட்டு" என்பான். குளித்துவிட்டு வரும்போது துண்டு, கொடியிலிருந்து எடுத்த பாவாடை, குழந்தையின் தொட்டில் துணி, கோவிலில் கட்டிய பரிவட்டம் என்று எல்லாவற்றுக்கும் இதே மரியாதைதான். பூமி எதையும் எவ்வளவு வேகமாக இழுக்கிறது என்பதற்கு அந்த எண்ணாம். அவன் மனைவி அமிர்தம் இதை வருஷக்கணக்காகப் பார்த்தாள். துணி எப்படி விழுகிறது என்பதை அவள் கவனிக்கவில்லை. விழுந்த துணியை அவன் ஒருநாளும் குனிந்து எடுத்ததில்லை என்பதைத்தான் கவனித்தாள்.

பெண் பார்க்க வந்தபோது மாப்பிள்ளை இயற்பியல் பட்டதாரி என்றார்கள். பட்டம் வாங்கவில்லை என்பது தாலி ஏறிய பிறகு தெரிந்தது. அதிலும் அவன் கடைசிவரை தேறாத தாள் எது என்றால், பொருள்கள் ஏன் விழுகின்றன, எப்படி நகர்கின்றன என்பதைச் சொல்லும் தாள்.

2004 ஆவணியில் கல்யாணம். இரண்டு பேரும் கடற்கரைச் சாதிசனம்தான். ஆனால் அவன் அப்பா மீனவர் சங்கத்தில் எழுத்தராக இருந்தவர் என்பதால், வலை தொட்டால் கை அழுக்காகும் என்ற நினைப்பு அந்தக் குடும்பத்தில் உண்டு. அமிர்தம் சோனாங்குப்பத்துப் பெண். எட்டாம் வகுப்போடு நின்றவள். நாலு பேர் இருக்கிற இடத்தில் வாய் திறக்க மாட்டாள். தையல் நன்றாகத் தெரியும். சீரோடு சீராக ஒரு மிதி மெஷின் வந்தது.

கடலூர் முதுநகரில் அவர்களுடையது ஓட்டு வீடு. தெருவைப் பார்த்த முன்னறை, அதைத் தாண்டி ஒரு நடை, பின்னால் அடுப்படி. முன்னறையில் கிழக்குப் பார்த்த ஜன்னல். அதன் பக்கத்தில் மெஷினைப் போட்டாள். மார்க்கெட்டுக்குப் போகிற பெண்கள் ஜன்னல் வழியாக ஜாக்கெட் பிட்டை நீட்டுவார்கள். திரும்பி வரும்போது கழுத்து எவ்வளவு, கை எவ்வளவு என்று சொல்லிவிட்டுப் போவார்கள். தைத்தது அதே ஜன்னல் வழியாகப் போகும். அமிர்தம் யார் வாசலிலும் போய் வேலை கேட்டு நிற்கத் தெரியாதவள். அந்த ஜன்னல்தான் அவளுக்காகப் பேசிக்கொண்டிருந்தது.

அந்த மார்கழியில் கடல் ஊருக்குள் வந்தது. அவர்கள் தெருவின் கோடி வரை வந்து திரும்பிவிட்டது. சோனாங்குப்பத்தில் அவள் அண்ணன் தாண்டவராயனின் படகு இரண்டாகப் பிளந்தது. ஊர் முழுக்க ஆளைத் தேடிக்கொண்டிருந்த அந்த வாரங்களில் ஞானசேகரன் தேடியது கம்ப்யூட்டர். சிதம்பரத்தில் ஒரு ஸ்டுடியோவில் கல்யாண வீடியோக்களில் பூ விழவும் இதயம் சுற்றவும் செய்துகொண்டிருந்தவன், ஒரு பழைய கம்ப்யூட்டரை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்து இறங்கினான்.

"இதுல கடல் அலையச் செய்யப்போறேன் அமிர்தம். ஒலகமே இப்ப அலையத்தான் பாக்குது. பிசிக்ஸ் தெரிஞ்சவன் இந்த ஊர்ல எவன் இருக்கான்?"

"எங்க வைக்கிறது மாமா இத?"

"முன்னாடிதான். வர்றவன் போறவன் பாக்க வேணாமா? உன் மெஷின நடையில தள்ளு. ரெண்டு மாசம்தான். செட் ஆயிட்டா மாடியில ரூம் போட்டுடலாம்."

ஓட்டு வீட்டுக்கு மாடி. அமிர்தம் மெஷினைத் தள்ளினாள்.

நடையில் ஜன்னல் கிடையாது. குண்டு பல்பு வெளிச்சத்தில் கத்திரிப்பூ நிறமும் நீலமும் ஒன்றுபோல் இருக்கும். தெருவில் போகிறவர்களுக்கு அவள் அங்கே இருப்பதே தெரியாது. ஜன்னலில் துணியை நீட்டிய பெண்கள், உள்ளே ஒரு ஆம்பிளை கம்ப்யூட்டர் முன்னால் வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டு நகர்ந்தார்கள். கொஞ்ச நாளில் பாதிப் பேர் வேறு தையல்காரியைப் பிடித்துக்கொண்டார்கள். அமிர்தத்துக்கு வேண்டியது அந்த முன்னறை ஒன்றுதான். நகை கேட்கவில்லை, மாடி கேட்கவில்லை.

ஞானசேகரன் தன் வேலையை வருகிறவர்களுக்கெல்லாம் விளக்குவான். படம் வரைவது வேறு, இது வேறு. வரைகிறவன் அலை எப்படியிருக்கும் என்று தானே நினைத்து வரைவான். இவன் தண்ணீரைச் சின்னச்சின்ன உருண்டைகளாகப் பிரித்துப் போடுவான். ஒன்றை ஒன்று எவ்வளவு தள்ளும், பூமி எவ்வளவு இழுக்கும் என்று எண்களைக் கொடுப்பான். மீதியைக் கம்ப்யூட்டர் கணக்குப் போட்டு ஒவ்வொரு படமாகக் கொடுக்கும். "நான் செய்யல. இயற்கையே செய்யுது" என்று சொல்லிவிட்டு மீசையைத் தடவுவான். இயற்கை செய்வதற்கு இவர் எதற்கு மீசையைத் தடவ வேண்டும் என்று அமிர்தம் நினைப்பாள். கேட்டதில்லை.

அலை தயாரானதும் முதலில் காட்டக் கூப்பிட்டது தாண்டவராயனைத்தான். படகு போன மனிதன் புது லுங்கி கட்டிக்கொண்டு, மச்சான் கூப்பிட்டாரே என்று வந்து உட்கார்ந்தான். திரையில் நீலமாக ஒன்று எழும்பியது. கல்யாணப் பந்தியில் தட்டில் வைக்கிற ஜெல்லியைப் போல ஆடி, ஒரு வீட்டின் மேல் ஏறி, வீட்டைத் தாண்டி மறுபக்கம் வழிந்தது. வீடு அப்படியே இருந்தது.

"எப்படி?" என்றான் ஞானசேகரன்.

தாண்டவராயன் டீ டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே பார்த்தான். "அன்னிக்கி நீ எங்க மச்சான் இருந்த?"

"சிதம்பரத்துல. ஆனா நேர்ல பாக்கணும்னு இல்ல மச்சான். இதுக்கு பார்முலா இருக்குது."

"அப்பிடியா" என்று தாண்டவராயன் டீயைக் குடிக்காமல் கீழே வைத்துவிட்டு எழுந்தான். "வரேன் அமிர்தம்."

அவன் தெருவைத் தாண்டியதும் ஞானசேகரன் திரும்பிச் சொன்னான்: "பாத்தியா, உன் அண்ணனுக்குப் பேச்சே வரல. அவ்ளோ ரியலா இருக்குது." ஆறிய டீயையும் அவனே குடித்தான்.

அதன் பிறகு அந்த வீட்டில் மனிதர்கள் கம்ப்யூட்டரின் சௌகரியத்துக்கு வாழ்ந்தார்கள். கணக்கு ஓடும்போது மிக்ஸி போடக் கூடாது. மின்சாரம் தடுமாறினால் கம்ப்யூட்டர் அணைந்துவிடும், ஓடிய கணக்கெல்லாம் வீண். சட்னிக்கு அம்மி. வீட்டில் இருந்த ஒரே மேசை மின்விசிறி, பக்கவாட்டு மூடியைக் கழற்றி வைத்த கம்ப்யூட்டரைப் பார்த்தபடி சுற்றும். அடுத்த வருஷம் பிறந்த குழந்தை சுவாதிக்குச் சித்திரை வெயிலில் முதுகெல்லாம் வேர்க்குரு. "அவளத் திருப்பிப் படுக்க வையி, சரியாயிடும்" என்பான் தகப்பன். கம்ப்யூட்டரைத் திருப்பி வைக்கலாமே என்று யாரும் சொல்லவில்லை.

சிதம்பரத்திலிருந்து கல்லூரிப் பையன்கள் சிலர் "சார் சார்" என்று வருவார்கள். அவர்கள் முன்னால் துண்டை விழவிட்டுக் காட்டுவான். அவர்கள் தலையை ஆட்டுவார்கள். அமிர்தம் டீயை வைத்துவிட்டுத் துண்டை எடுத்துக்கொண்டு போவாள். போகப் போகத் தெருவில் அவனுக்குப் பெயர் 'புள்ளி எட்டு' என்றாகிவிட்டது. கேபிள்காரர் வந்தால் "புள்ளி எட்டு வூடு இதானே?" என்று கேட்பார். ஞானசேகரன் அதைப் பட்டம் என்று எடுத்துக்கொண்டான்.

திரையில் தண்ணீர் தண்ணீராக வரவில்லை என்று ஆனதும் துணிக்கு வந்தான். துணி என்றால் அவனுக்குத் துணி கிடையாது. கட்டம் கட்டமாக நிற்கிற புள்ளிகள், புள்ளிக்குப் புள்ளி நடுவில் ஸ்பிரிங். இழுத்தால் நீளும், விட்டால் சுருங்கும். நடையில் அவள் குனிந்து உட்கார்ந்து கொக்கி வைத்துக்கொண்டிருக்கும்போது, தைத்த ஜாக்கெட்டைத் தூக்கி ஆட்டிப் பார்த்துவிட்டு, "இதெல்லாம் வெறும் ஸ்பிரிங்கு அமிர்தம்" என்பான். பிறகு தரையில் விடுவான். அவள் எடுத்துத் தூசியைத் தட்டுவாள்.

இதற்குள் கரண்ட் போக ஆரம்பித்திருந்தது. ஊருக்கே மணிக்கணக்கில் இருட்டு. அவன் கணக்கோ ஒரு நாள் முழுக்க விடாமல் ஓட வேண்டியது. பாதியில் போய்விடும். மறுபடி முதலிலிருந்து. அப்படியே இரண்டு மூன்று வருஷம் ஒரு கொடி பறந்து முடியவில்லை, ஒரு திரைச்சீலை மூடி முடியவில்லை. ஆனாலும் வாய் ஓடிக்கொண்டிருந்தது. அந்த வாயை நம்பித்தான் 2011 புரட்டாசியில் கலியமூர்த்தி வந்தார்.

கலியமூர்த்திக்குச் சிதம்பரத்தில் ஜவுளிக்கடை. ஆள் நடக்கும்போதே கடை நடப்பது போலிருக்கும். தீபாவளிக்கு உள்ளூர்க் கேபிளில் விளம்பரம் வேண்டும்.

"பட்டுப் பொடவ ஒண்ணு கடையிலேருந்து பறந்து வரணும் தம்பி. வந்து அந்தப் பொண்ணு மேல தானா கட்டிக்கணும். கொசுவம்லாம் தானா வுழுவணும்."

"விழும்ணே. நான் வைக்கப்போறதில்ல, பிசிக்ஸே வைக்கும்."

"எவனோ வைக்கட்டும். விஜயதசமி சாயங்காலம் கேபிள்ல வந்துடணும். நாள் பாத்துட்டேன்."

கணக்கு ஓட ஆரம்பித்தது. அதிசயமாக அந்த வாரம் கரண்ட் அவ்வளவாகப் போகவில்லை. புடவை கடை வாசலை விட்டுக் கிளம்பியது, தெருவில் மிதந்தது, பெண்ணின் தலைக்கு மேல் வந்தது. இன்னும் ஒரு நாள் ஓடினால் கட்டி முடித்துவிடும் என்றிருக்கும்போது ஆயுத பூஜை வந்தது.

கணக்கை நிறுத்தவும் முடியாது, பூஜை போடாமலும் விட முடியாது. ஓடுகிற கம்ப்யூட்டரையே துடைத்துச் சந்தனம் வைத்தான், குங்குமம் வைத்தான், விபூதி பூசினான். பிறகு கெட்டியாகக் கட்டிய சாமந்தி மாலை ஒன்றைக் கொண்டுவந்து, சூட்டுக்காற்று வெளியே போகிற ஓட்டை முழுக்க மறையும்படி, முன்னும் பின்னுமாகச் சுற்றினான். காற்றடித்தால் கற்பூரம் அணைந்துவிடும் என்று மேசை மின்விசிறியையும் நிறுத்தினான். பொரி கடலை படைத்துக் கண்ணை மூடிக் கும்பிட்டான். நடையில் தன் மெஷினுக்கு அமிர்தமே ஒரு பொட்டு வைத்துக்கொண்டாள்.

பொரியை அள்ளி வாயில் போட்டுக்கொண்டிருக்கும்போது கம்ப்யூட்டர் ஒரு சத்தம் போட்டு அணைந்தது. தொட்டுப் பார்த்தான். தோசைக்கல் மாதிரி இருந்தது. மாலையை எடுத்தான். அடியில் பூவெல்லாம் வெந்து போயிருந்தது.

"போடுங்களேன் மாமா, மறுபடி" என்றாள் அமிர்தம்.

"பூஜ போட்டாச்சி. இன்னிக்கி ஆயுதத்தத் தொடக் கூடாது."

"முன்னாடி ஓடிக்கிட்டுதான இருந்திச்சி?"

"அது ஓடுனது வேற. இப்ப நான் தொட்டு ஆரம்பிச்சா அது வேற. உனக்கு இதெல்லாம் புரியாது."

ஒன்பது புள்ளி எட்டுக்குத் தலைவணங்குகிறவன் அன்று முழுக்கக் கம்ப்யூட்டர் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். மறுநாள் காலை போட்டுப் பார்த்தால், அதுவரை வெளிவந்திருந்த படங்கள் மட்டும் மிஞ்சியிருந்தன, புடவை தலைக்கு மேல் விரிந்தது வரை. கணக்கை மறுபடி முதலிலிருந்து ஓட்ட நேரமில்லை.

அன்று சாயங்காலம் சிதம்பரம் முழுக்கப் பார்த்தது. கடையிலிருந்து பட்டுப்புடவை பறந்து வருகிறது. ஜாக்கெட்டும் உள்பாவாடையுமாக ஒரு பெண் இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு தெருவில் நிற்கிறாள். புடவை அவள் தலைக்கு மேல் வந்து அந்தரத்தில் நிற்கிறது. நின்றது நின்றதுதான். கடைப் பெயர் மத்தாப்பு மாதிரிப் பொரிந்து வருகிறது. பெண் கையை விரித்தபடியே இருக்கிறாள்.

கலியமூர்த்தி மறுநாளே வந்துவிட்டார். அமிர்தம் நடையிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தாள். இன்றைக்குப் புருஷன் வாய் அடங்கும், அதோடு இந்த அறையும் காலியாகும் என்று அவளுக்கு ஒரு நப்பாசை.

"இன்னா தம்பி, பொடவ கட்டவே இல்லியே? அந்தப் பொண்ணு பாவம், பாவாடையோட நிக்கிது!"

ஞானசேகரன் அசரவில்லை. "அதுதாண்ணே சஸ்பென்ஸ். கட்டுனா எப்படி இருக்கும்னு பாக்கணும்னா கடைக்கித்தான வரணும்?"

கலியமூர்த்தி கொஞ்ச நேரம் யோசித்தார். யோசிப்பது அவருக்குப் பழக்கமில்லாத வேலை என்பது முகத்தில் தெரிந்தது. பிறகு தொடையில் தட்டிச் சிரித்தார். "ஆமால்ல! மூளடா உனக்கு!"

அமிர்தம் ஊசியில் நூலைக் கோக்கக் குனிந்துகொண்டாள். ஒருத்தன் முட்டாள் என்றால் ஒரு வீடுதான் கெடும். அவனைப் பாராட்ட இன்னொருத்தனும் கிடைத்துவிட்டால் என்ன செய்வது?

அதுதான் நடந்தது. கலியமூர்த்தியின் பாராட்டு தலைக்கேறி, ஞானசேகரன் வகுப்பு நடத்தப் போவதாகச் சொன்னான். முன்னறை போதாதாம்.

"பொங்கல் கழிச்சி நடையில பெஞ்சு போடணும். உன் மெஷின உன் அண்ணன் வூட்டுக்கு அனுப்பிடு."

"அங்க ஏது மாமா எடம்?"

"அப்ப யாருக்குன்னா குடுத்துடு. இந்தக் காலத்துல எவ காலால மிதிக்கிறா?"

அவள் மெஷின் அடியைப் பார்த்தாள். அந்தப் பொங்கலுக்கு வந்திருந்த ஜாக்கெட் பிட்டுகளை ஒரு பழைய வேட்டியில் மூட்டையாகக் கட்டி மெஷின் அடியில் வைத்திருந்தாள். மெஷின் போய்விட்டால் மிச்சமிருக்கிற இந்தப் பெண்களும் போய்விடுவார்கள் என்பது அவளுக்குத் தெரியும்.

மார்கழியில் புயல் வருகிறது என்று ரேடியோ சொன்னது. கடலூர்ப் பக்கம்தான் கரை கடக்கும் என்றது. ஞானசேகரன் திரையில் ஒரு அம்புக்குறியை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தான். அவன் கம்ப்யூட்டரில் காற்று என்றால் ஒரு அம்புக்குறிதான். வாசலுக்கு வந்து அடுத்த வீட்டு மாரியம்மாளிடம் சொன்னான்: "பயப்படாதீங்கக்கா. காத்து வடக்க ஒதுங்கிடும். நான் போட்டுப் பாத்துட்டேன்."

மாரியம்மாள் ஓட்டுக்கு மேல் கயிறு கட்டிக்கொண்டிருந்தாள். "நீ போட்டுப் பாத்தா சரிதான் தம்பி. அந்தக் கயித்த எடுத்துக் குடு."

விடிகிற நேரத்துக்குக் காற்று ஒதுங்காமல் நேராக வந்தது. எதிர்வீட்டுத் தென்னை தரையைத் தொட்டுத் தொட்டு எழுந்து, பிறகு எழவில்லை. தெருவின் மின்கம்பங்கள் முறிந்து விழுந்தன. இவர்கள் வீட்டு ஓடுகள் ஒரு பக்கமாகப் பறந்தன. முன்னறை ஜன்னலின் ஒரு கதவு பிய்ந்துகொண்டு போக, மழை படுக்கைவாட்டில் உள்ளே அடித்தது. இத்தனை வருஷம் காற்றையும் தண்ணீரையும் செய்துகொண்டிருந்தவன் "ஐயோ சிஸ்டம், ஐயோ சிஸ்டம்" என்று அலறினான். பெண்டாட்டி எங்கே, பிள்ளை எங்கே என்று கேட்கவில்லை.

அமிர்தம் சுவாதியைத் தாழ்வான அடுப்படி மேடைக்குக் கீழே உட்கார வைத்துவிட்டு வந்து பார்த்தாள். ஞானசேகரன் மெஷின் அடியிலிருந்த மூட்டையைப் பிரித்து, ஜாக்கெட் பிட்டுகளைச் சுருட்டிச் சுருட்டி ஜன்னல் ஓட்டையில் திணித்துக்கொண்டிருந்தான். மாரியம்மாளின் மாம்பழ நிறப் பட்டு, யாரோ ஒருத்தியின் வளைகாப்புக்குத் தைக்க வேண்டிய பச்சை, எல்லாம் சேறும் தண்ணியுமாகத் துருத்திக்கொண்டு நின்றன.

அவள் போய் ஒவ்வொன்றாகப் பிடுங்க ஆரம்பித்தாள்.

"ஏய், இன்னா பண்ற? தண்ணி அடிக்கிது, சிஸ்டம் போயிடும்!"

"இது மாரியம்மாக்கா துணி."

"துணிதான அமிர்தம்!"

அவள் பச்சையைப் பிடுங்கிப் பிழிந்து தோளில் போட்டுக்கொண்டாள். மழை நேராகக் கம்ப்யூட்டர் மேசை மேல் அடித்தது. அவன் அவளைத் தள்ளப் பார்த்தான். அவள் நகரவில்லை, அடுத்த துணியைப் பிடுங்கினாள். அவன் அவள் முகத்தைப் பார்த்தான். என்ன பார்த்தானோ, கம்ப்யூட்டர் பெட்டியைக் குழந்தையைப் போல நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வீட்டிலேயே ஜன்னல் இல்லாத இடத்துக்கு ஓடினான். நடைக்கு. மெஷினை முழங்காலால் இடித்துத் தள்ளிவிட்டு அந்த மூலையில் பெட்டியை வைத்து, அதன் மேல் கவிழ்ந்து படுத்துக்கொண்டான்.

புயல் போன பிறகு பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் மல்லாந்து கிடந்தன. கடலூரில் கரண்ட் என்பதே இல்லை. அவர்கள் தெருவுக்குக் கம்பம் நடவே ஆள் வரவில்லை. பகலிலேயே நடை இருட்டு. முன்னறையில் மட்டும், கதவு பிய்ந்த ஜன்னலில் வெளிச்சம் தாராளமாக வந்தது. அமிர்தம் சுவரோரம் நின்று மாரியம்மாளைக் கூப்பிட்டாள்.

"அக்கா, ஒரு கை புடிக்கிறியா?"

இரண்டு பேரும் மெஷினை முன்னறைக்குத் தூக்கிவந்து ஜன்னலருகே போட்டார்கள். ஞானசேகரன் நடையில் உட்கார்ந்து கம்ப்யூட்டரின் ஈரமான உள்பலகைகளைத் துண்டால் ஒற்றிக்கொண்டிருந்தான். "கரண்ட் வர்ற வரைக்கும்தான்" என்றான்.

கறைபட்ட துணிகளை அவள் அலசி, காயவைத்து, சேறு ஊறிய இடத்தைத் தையலுக்குள் மறைத்துத் தைத்தாள். மற்ற தையல்காரிகளின் மெஷின்கள் மோட்டார் வைத்தவை, அசையாமல் நின்றன. பொங்கலுக்கு ஊர்ப்பெண்கள் மறுபடி ஜன்னலுக்கு வந்தார்கள்.

தை நடுவில் கரண்ட் வந்தது. ஞானசேகரன் வந்து நின்றான்.

"கரண்ட் வந்துடிச்சி."

"ஆமா மாமா."

"மெஷின எடு."

"தைச்சிக்கிட்டு இருக்கேன்." அவள் காலை நிறுத்தவில்லை.

"எப்ப முடியும்?"

"வந்துகிட்டே இருக்குதே."

ஜன்னலுக்கு வெளியே துணியோடு நின்ற மாரியம்மாள் உள்ளே எட்டிப் பார்த்தாள். "இன்னா புள்ளி எட்டு, அன்னிக்கி ஒதுங்கிடும்னியே, அந்தக் காத்து இப்பவாச்சும் ஒதுங்கிச்சா? இல்ல நீதான் ஒதுங்குனியா?" வெளியே வரிசையில் நின்ற பெண்கள் சிரித்தார்கள். அவன் நடைக்குப் போனான். வகுப்பு, பெஞ்சு என்ற பேச்சு அதற்குப் பிறகு எழவில்லை. எழுந்தாலும் போட இடமில்லை.

இப்போது 2012 ஐப்பசி. ஞானசேகரன் சிதம்பரத்தில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் பாடம் எடுக்கப் போகிறான். அங்கேயும் துண்டை விழவிட்டுக் காட்டுவதாகக் கேள்வி. வீட்டில் கம்ப்யூட்டர் நடையில் பிளாஸ்டிக் உறை போட்டு இருக்கிறது, கரண்ட் இருக்கும்போது எப்போதாவது ஓடும். மின்விசிறி சுவாதியின் பக்கம் திரும்பியிருக்கிறது. முன்னறையில் ஜன்னலருகே தையல் மெஷின் இருக்கிறது. காலையில் அவன் விட்ட துண்டு நடையில் விழுந்த இடத்திலேயே கிடக்கிறது.